களைக்கொல்லியும் இடுப்புக் குழந்தையும்

நம் இதழில் களையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. மூடாக்குப் போடச் சொன்னார்கள், பலதானியம் விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள், கோனோ வீடர் ஓட்டச் சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால் களை எடுக்கிறவள் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத வாய்க்கவில்லை. பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து விட்டு விட்டு எழுதியது, கோவையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர். ஆறு வருடமாக மருந்தில்லாமல் சம்பா ஒரு போகம் மட்டும் செய்கிறோம். தூயமல்லி ஒரு ஏக்கர், மாப்பிள்ளைச் சம்பா அரை ஏக்கர். ஒரு மாடு, ஒரு கன்று, நாலு கோழி. வீட்டில் நான், வீட்டுக்காரர், அத்தை, ஒரு வயது எட்டு மாதத்தில் மகள். மகளுக்கு இப்போதைக்கு இரண்டு வேலை தெரியும். நட்டதைப் பிடுங்குவாள், பிடுங்கியதை வாயில் போடுவாள்.

காலையில் நாலரைக்கு எழுந்தால்தான் எனக்கென்று ஒரு மணி நேரம். அதற்குள் வாசல் தெளித்து, சாணி அள்ளி, பால் கறந்து, உலை வைக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லை என்று எப்படித்தான் தெரியுமோ, ஐந்தரைக்குள் எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்கிவிடுவாள். பால் கொடுத்து, முகம் கழுவி, கேழ்வரகுக் கூழ் ஊட்ட வேண்டும். ஊட்டுவது என்று எழுதினால் ஒரு சொல். வேலையாகப் பார்த்தால் முக்கால் மணி நேரம். அரைக் கிண்ணம் வயிற்றுக்குள் போகும், மீதி தலைமுடிக்கும் கோழிக்கும். அப்புறம் கழுவி, துடைத்து, துணி மாற்றி நிமிர்ந்தால் மணி ஏழரை. வயலுக்குக் கிளம்பினால் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். விட்டுப்போனால் அத்தை அவள் பின்னால் ஓட வேண்டும். அத்தைக்கு முழங்கால் தேய்ந்து வருடம் நாலாகிறது. இவளோ நடை பழகிய நாளிலிருந்து ஓட்டம்தான்.

சரி, தூக்கிக்கொண்டே போகலாம் என்றால் வயலில் என்ன நடக்கிறது? போன சம்பாவில் முதல் களைக்கு நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. கணக்கு எழுதுவது நம் இயக்கத்தில் கற்ற பழக்கம்தான். அப்போது அவள் தவழ்கிற பருவம். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வயலில் இருந்த ஒரு நாளில் என் கை சேற்றில் இருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். மற்ற நேரமெல்லாம் கரையேறினேன், கையைக் கழுவினேன், பால் கொடுத்தேன், வாயிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்தேன், தூளியை ஆட்டினேன், எறும்பைத் தட்டினேன், மறுபடி இறங்கினேன். குனிந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும், களை எடுப்பதில் ஒரு வேகம் வந்து சேரவே கால் மணி ஆகும். எனக்கு அந்தக் கால் மணிதான் கிடைத்தது, வேகம் வரும்போது கரையில் அழுகை கேட்டுவிடும். இத்தனைக்கும் அன்றைக்கு நல்ல நாள். மழை இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை.

அதே ஐப்பசியில்தான் பக்கத்து வயல் அக்கா களைக்கொல்லிக்குப் போனார். நாலு வருடம் எங்களோடு சேர்ந்து மருந்தில்லாமல் செய்தவர். மாடு கட்டி, சாணிக்கு அலைந்து, மரபு விதைக்குத் திருவிழாக்களில் நின்று வாங்கி வந்தவர். நடவான மூன்றாம் நாள் மணலில் கலந்து தூவுகிற மருந்தை அவர் வீட்டுக்காரர் தூவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் குழாயடியில் கேட்டேன்.

"என்னக்கா, மருந்து போட்டுட்டீங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? இவன இடுப்புல வச்சிக்கிட்டுக் குனிய முடியுமா? கரையில உட்டா வாய்க்கால்ல எறங்குறான். நீ வந்து பாத்துக்கிறியா, சொல்லு, நாளைக்கே மருந்த நிறுத்திடுறேன்."

அவருடைய பையனுக்கு அப்போது ஒன்றரை வயது.

மண்ணைப் பற்றியோ மண்புழுவைப் பற்றியோ அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நஞ்சு என்று தெரிந்துதான் போட்டார். நம் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், "அவங்களுக்கு உறுதி பத்தலம்மா" என்றார். எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. அக்காவுக்கு உறுதி இருந்தது, ஆள் இல்லை. களைக்கொல்லி விற்கிறவர் விற்பது என்ன என்று நாம் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அவர் விற்பது பெண்ணின் நேரம். முதல் களைக்கு எங்கள் ஒரு ஏக்கரில் எட்டு ஆள், இரண்டாம் களைக்கு ஆறு ஆள். அந்தப் பதினாலு ஆள் வேலையையும் ஒரு புட்டி மருந்தில் தருகிறேன் என்கிறார் அவர். கைப்பிள்ளைக்காரிக்கு அதைவிடப் பெரிய சலுகையை நாம் என்ன காட்டியிருக்கிறோம்?

கொடுமை என்னவென்றால், அந்தப் பிள்ளைக்காகப் போட்ட மருந்து அந்தப் பிள்ளையைத்தான் முதலில் தேடி வரும். தவழ்கிற பிள்ளை தரையோடு இருக்கிறது, கண்டதையும் தொட்டு வாயில் வைக்கிறது. உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் அதிகம் சாப்பிடுகின்றன, அதிகம் தண்ணீர் குடிக்கின்றன, அதிகம் மூச்சு இழுக்கின்றன. அப்பன் கால்சட்டையில் ஒட்டிவந்தது, வாய்க்கால் தண்ணீரில் கலந்தது, எறவாணத்தில் செருகி வைத்த மிச்சப் புட்டி என எல்லாமே அதற்கு எட்டுகிற தூரம். வரப்புக் களைக்கு அடிக்கிற கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்முறை ஆட்களைத் தவிர வேறு யாரும் அதை அடிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. உத்தரவு தாளில் இருக்கிறது. எங்கள் ஊர் வரப்பில் போய்ப் பாருங்கள், எரிந்துபோன மாதிரி பழுத்துக் கிடக்கும். இந்தச் சேதியை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டு, "சரி, பிள்ளையைக் கொடு" என்று கையை நீட்ட முடிந்தால்தானே சொல்லலாம்? என் இடுப்பில் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"அந்தக் காலத்தில்" என்று தொடங்குகிற ஒரு பேச்சு நம் மேடைகளில் உண்டு. எங்கம்மா ஏழு பிள்ளை பெற்றாள், தூளியை வேப்பமரத்தில் கட்டிவிட்டு நடவு நட்டாள், அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பார்கள். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நானும் எங்கள் வீட்டில் கேட்டேன். அம்மாச்சிக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவர் என் பெரியம்மா. தம்பி தங்கைகள் ஐந்து பேரையும் இடுப்பில் சுமந்தவர் அவர்தான். இரண்டாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்தது. இன்றைக்கும் பேருந்தில் ஊர்ப்பெயரை யாராவது படித்துச் சொன்னால்தான் ஏறுவார். அத்தை வேறொன்று சொல்கிறார். பெரிய பிள்ளை இல்லாத வீட்டில், குழந்தையின் காலில் துண்டைக் கட்டி மறு நுனியைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போவார்களாம். தூளி அழகுதான், நானும் கட்டுகிறேன். ஆனால் தூளியை ஆட்டிய கை ஒரு எட்டு வயதுப் பெண்குழந்தையின் கை. மரபு விதையை மீட்கலாம். அந்த ஏற்பாட்டை மீட்க வேண்டாம். இன்றைக்கு அந்த எட்டு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இயற்கை வேளாண்மையைச் செலவில்லாத வேளாண்மை என்கிறோம். ஜீவாமிர்தம் ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் என்று நம் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். சாணத்தை அள்ளியது யார், கோமியத்தைப் பிடிக்க விடியலில் மாட்டின் பின்னால் நின்றது யார், இரண்டு வேளை கலக்குவது யார் என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை. பஞ்சகவ்யம் என்றால் வாரக் கணக்கில் கலக்க வேண்டும். எங்கள் வீட்டில் கலக்குவது வீட்டுக்காரர் வேலை, அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் நிறைய வீடுகளில் வெல்லமும் மாவும் மட்டும்தான் செலவாக எழுதப்படுகின்றன. மற்றது அவள் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலையாம்.

சமையலும் அப்படித்தான். குழந்தைக்குக் கடை மாவு கொடுக்காதீர்கள், முளைகட்டிய சத்துமாவு செய்து கொடுங்கள் என்று எழுதுகிறோம். நானும் செய்கிறேன். கேழ்வரகையும் கம்பையும் பாசிப்பயறையும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் காயவைத்து, வறுத்து, அரைத்து, சலித்து முடிக்க நாலு நாள் ஆகிறது. அதில் ஒரு நாள் மகள் காயப்போட்ட பாயில் ஏறிக் கம்பை வாரி மாட்டுத் தொட்டியில் போட்டாள். மாடு சந்தோஷப்பட்டது. செய்யாதே என்று சொல்லவில்லை, கட்டாயம் செய்ய வேண்டியதுதான். அந்த நாலு நாளையும் யாராவது கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

நாடு முழுக்க 2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த 134 எவ்வளவாக ஏறும் என்று உங்கள் வீட்டிலேயே ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். இந்த நேரத்துக்கு மேல்தான் நாம் மூடாக்கு, கரைசல், கைக்களை, விதைத் தேர்வு எல்லாவற்றையும் அடுக்குகிறோம்.

பிள்ளை ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நடத்திக் காட்ட அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. நல்ல காரியம், யாரும் குறை சொல்ல வேண்டாம். நமக்கு மகப்பேறு உதவித்தொகை உண்டு, விடுப்பு கிடையாது. நெல்லுக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க முடியாது. நட்ட பதினைந்தாம் நாள் களை வந்து நிற்கும், குழந்தை பிறந்து எத்தனை மாதம் என்று அது கேட்காது. அங்கன்வாடிக்கு அனுப்பலாம் என்றால் எங்கள் ஊரில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும். மாவு வரும், ஆள் வராது. மிகவும் கையைக் கட்டிப்போடுகிற அந்த ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரைக்கும் ஊரில் பிள்ளையை விட ஓர் இடம் இல்லை.

எல்லாருக்கும் இப்படி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்று எழுதினார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தேயிலைத் தோட்டப் பெண்களுக்கும் அப்படி எழுதினார்கள். டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடங்களில், செங்கல் சுமக்கிற தாய்மாரின் பிள்ளைகளுக்காக மீரா மகாதேவன் 1969-ல் கூடாரம் போட்டுக் காப்பகம் தொடங்கினார். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நிறுத்த வேண்டும், அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்பது அந்த வரி. எத்தனை ஊரில் நடந்தது என்பதை நூறு நாள் வேலைக்குப் போனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியவர்களுக்குப் புத்தி இருந்தது. பிள்ளை பார்ப்பதும் வேலை, அதற்கும் கூலி என்று ஒப்புக்கொண்டார்கள். கர்நாடகத்தில் 2023-ல், அந்த வேலைக்குப் போகும் தாய்மாருக்காக நாலாயிரம் ஊராட்சிகளில் 'கூசின மனெ', அதாவது குழந்தை வீடு, என்ற காப்பகங்களை அறிவித்தார்கள்.

எனக்கு இதில் மனத்தில் நிற்பது வங்கதேசத்துக் கதை. அங்கேயும் நம் டெல்டா மாதிரிதான், வீட்டைச் சுற்றிக் குளமும் வாய்க்காலும். சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் போவது அங்கே பெரிய துயரம். அதுவும் காலை நேரத்தில், அம்மா சமையலிலும் அப்பா வயலிலும் இருக்கும்போது. அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வது. பெயர் 'ஆஞ்சல்'. வங்காளத்தில் சேலை முந்தானை என்று அர்த்தம். தண்ணீரில் பிள்ளைகள் சாவது இதனால் குறைந்தது. பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளைகளுக்கு இப்படிப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம் வயல்களில் வாய்க்கால் இருக்கிறது, பம்புசெட் தொட்டி இருக்கிறது, பண்ணைக்குட்டை வெட்டச் சொல்லி நாமே எழுதியிருக்கிறோம். 200 லிட்டர் பீப்பாய் நம்மில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. எங்கள் பீப்பாய்க்குச் சாக்குதான் மூடியாக இருந்தது. மகள் எழுந்து நிற்கத் தொடங்கிய வாரமே வீட்டுக்காரர் பலகை அடித்துக் கல்லை ஏற்றி வைத்தார். கரைசல் செய்முறை அச்சடிக்கும்போது கடைசி வரியாக 'மூடி வைக்கவும்' என்று போடுகிறோமே, அதோடு 'குழந்தை திறக்க முடியாதபடி' என்று இரண்டு மூன்று சொல் சேர்க்க இடமா இல்லை?

இனி நம் இயக்கத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் இதுதான் நடப்பு. நாற்பது பேரில் பெண்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் கைப்பிள்ளையோடு வந்தவர்கள் மூன்று பேர். பத்தரைக்கு ஒரு பிள்ளை அழுதது. "அம்மா, கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போங்களேன், மத்தவங்களுக்குக் கேக்கல" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பதினொன்றுக்குள் மூன்று பேரும் வராந்தாவில் இருந்தோம். உள்ளே களை மேலாண்மை வகுப்பு நடந்தது. வகுப்பில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் வாழ்நாளில் களை எடுத்தவர்கள் இல்லை. எடுக்கிற நாங்கள் வெளியே தரையில் கோலிக்குண்டு பொறுக்கிக்கொண்டிருந்தோம், பிள்ளை விழுங்கிவிடக் கூடாதே என்று. மத்தியானம் மைக்கில், பெண்கள் அதிகம் வர வேண்டும் என்று பேசினார்கள். வந்திருந்தோம் ஐயா, வராந்தாவில் இருந்தோம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நம் ஒவ்வொரு பயிற்சியிலும் கூட்டத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு அறை, அறை இல்லாவிட்டால் ஒரு மரநிழல், இரண்டு பாய், ஒரு தூளி, குடிதண்ணீர், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும், முறை வைத்து மாற வேண்டும். இதற்குக் காசு எங்கே என்பார்கள். மேடையில் போர்த்துகிற பொன்னாடையில் பாதியை நிறுத்தினால் பாய் வாங்கிவிடலாம், தூளிக்கு அந்தப் பொன்னாடையே ஆகும். களை மேலாண்மை வகுப்பைக் காலை பத்து மணிக்கு வையுங்கள். பதினொன்றரைக்கு மேல் எந்தப் பிள்ளையும் பசி தாங்காது, இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

ஊர் அளவில் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். களை எடுப்புக் காலம் என்பது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு வீட்டுக்குப் பத்து நாள். எங்கள் தெருவில் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீடு ஐந்து. எங்கள் ஊரில் களை ஆளுக்குக் கூலி 300 ரூபாய். குனிந்து வேலை செய்ய முடியாமல் வயலை விட்ட, ஆனால் கண்ணும் காலும் நன்றாக இருக்கிற பெண் ஒருவரைப் பிள்ளை பார்க்க நிறுத்தி அதே 300 கொடுத்தால், வீட்டுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், பத்து நாளுக்கு 600. அந்தப் பத்து நாளில் ஐந்து பெண்களின் கை முழுதாக வயலுக்குக் கிடைக்கிறது. நீ என் வயலுக்கு ஒரு நாள், நான் உன் வயலுக்கு ஒரு நாள் என்று மாறிப் போனால் கூலி ஆளும் பாதியாகக் குறையும். களைக்கொல்லியோடு இந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம், அப்போது அக்காவிடம் போக எனக்கு வாய் வரும்.

கூலி என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாட்டிதானே, சும்மா பார்த்துக்கொள்ளட்டுமே என்று விட்டால் ஒரு பெண்ணின் கணக்கில் எழுதாத வேலையை எடுத்து இன்னொரு பெண்ணின் தலையில் வைத்ததாகத்தான் ஆகும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "பேத்தியப் பாக்கறதுக்குக் காசா? ஊர் சிரிக்கும்டி" என்றார். பேத்தியோடு இன்னும் நாலு பிள்ளைகள் என்றதும் யோசித்தார். முழங்கால் சம்மதிக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆண்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஒற்றை நாற்றுச் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து என்று சதுரமாக நட்டால் கோனோ வீடர் ஓட்டலாம், பத்து நாளைக்கு ஒரு தடவை. எங்கள் பக்கம் அதைத் தள்ளுவது ஆண்கள். கருவி வந்த இடத்தில் களை ஆண் வேலை ஆகிவிட்டது என்பதைக் கவனித்தீர்களா? கையால் எடுத்த வரைக்கும்தான் அது பெண் வேலை. எங்கள் களிமண்ணில் அது சுலபமாக ஓடாது, குத்தின் அடியில் இருக்கும் களையை எப்படியும் கையால்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் போன சம்பாவில் அரை ஏக்கரில் வீட்டுக்காரர் ஓட்டினார், அந்த அரை ஏக்கருக்கு நான் இரண்டு நாள் மட்டும் இறங்கினேன். கருவி ஓட்ட ஆகாத ஆண்கள் பிள்ளையையாவது தூக்கலாம். தோளில் ஏற்றிக்கொண்டால் மகள் ஒரு மணி நேரம் சத்தமே போடுவதில்லை. அப்பா தலைமுடியைப் பிடுங்குகிறாள், அவ்வளவுதான். அவள் வேலை அவளுக்கு.

இது அரசு செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அரசுதான் செய்ய வேண்டும். ஆறு மாதத்திலிருந்தே பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும்படி அங்கன்வாடியை விரிவாக்கு, அதற்குத் தனி ஆள் போடு, நடவு, களை மாதங்களில் நேரத்தைக் கூட்டு என்று நம் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். நெல்லுக்கு விலை, கொள்முதல் நிலையம், காவிரித் தண்ணீர் என்று எழுதுகிற பட்டியலில் நாலாவதாக இதையும் எழுதலாம். இதுவரை ஒரு மாநாட்டுத் தீர்மானத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அரசு கேட்டுச் செய்து முடிக்கும்போது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். இந்தப் புரட்டாசியில் நடவு. ஐப்பசியில் களை.

எங்கள் தெருவில் ஐந்து வீட்டிலும் பேசிவிட்டோம். நாலு வீடு சரி என்றது. ஐந்தாவது வீட்டில் பிள்ளைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் குடிக்கிறது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் அம்மா வயலிலிருந்து வந்து போக வேண்டும், அதற்கு வயலுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். பம்புசெட் கொட்டகையைப் பார்த்தோம், தொட்டி பக்கத்தில் இருப்பதால் வேண்டாம் என்று விட்டோம். கோயில் மண்டபம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. பிள்ளை பார்க்க ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், முப்பது வருடம் நடவு நட்டவர், ஐந்து பிள்ளை ஒரே ஆளால் ஆகாது, கூட ஒரு ஆள் போடு என்கிறார். அவர் சொல்வது சரி. அப்படியானால் வீட்டுக்கு 120 ரூபாய் ஆகும், அதை வைத்து மறுபடி பேச வேண்டும். பக்கத்து வயல் அக்கா, பையனை விடுவேன், ஆனால் முதல் வாரம் பார்த்துவிட்டுத்தான் மருந்தைப் பற்றி முடிவு செய்வேன் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் நடக்கிற நம் வட்டாரக் கூட்டத்துக்கு இரண்டு பாயும் ஒரு தூளியும் நான் கொண்டு வருகிறேன். பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிற ஆண்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது. மாற்றுத் துணி எடுத்து வாருங்கள், மேலெல்லாம் ஈரமாகும்.